சின்ன ஊரில் வார இறுதி நடை: கண்ணில் படுவதும் தவறிப்போவதும்

சின்ன ஊரைப் பார்க்க அரை நாள் தாராளம். வேகம்தான் முக்கியம். வழக்கமாக நாம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் நடக்கிறோம். அதே நடையில் போனால் ஊர் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மனதில் நிற்பது கடைப் பலகைகள் மட்டும். பாதியாகக் குறையுங்கள். ஒரு தெருவில் இந்தச் சாரியில் போய், எதிர்ச் சாரியில் திரும்பி வாருங்கள். இரண்டும் வேறு வேறு தெருவாகத் தெரியும்!

•

மேலே சொன்னது ரொம்பச் சரி. எதிர்ச் சாரியில் நிற்கும்போது தலையைத் தூக்கி மாடியைப் பாருங்க. கீழ்த்தளத்தைக் கடைக்காக இடித்து இடித்து மாற்றியிருப்பாங்க. மாடியில் கை வைக்கிறது குறைவு. அடைத்துப் பூசின ஜன்னலோட வளைவு, செங்கல் நிறம் திடீர்னு மாறுகிற கோடு, கட்டின வருஷம் எல்லாம் அங்கேதான் இருக்கும். சுவரில் மங்கிப்போன பழைய விளம்பர எழுத்து இருந்தால், மழை விட்டதும் போய்ப் பாருங்க. சுவர் ஈரமா இருக்கும்போது எழுத்து இன்னும் தெளிவாத் தெரியும்.

•

செதுக்கிய எழுத்தைப் படிக்க வெயிலின் திசை தெரிந்திருக்க வேண்டும். கிழக்கு பார்த்த சுவரில் காலை வெயில் நேருக்கு நேர் விழும், பள்ளத்தில் நிழலே விழாது. படம் எடுக்க அழகான வெளிச்சம், படிக்க உதவாது. உச்சிப்பொழுதை ஒட்டி வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போது அதே எழுத்து ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழும்பி நிற்கும். நிழலில் இருக்கும் கல்லாக இருந்தால் போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். முன்னால் இருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது.

•

எனக்குப் பிடித்தது தெருக்களின் போக்கு. அளந்து போட்ட தெரு நேராக ஓடும். காலடிப் பாதையாகத் தொடங்கிய தெரு மேட்டையும் நீரையும் ஒதுக்கி வளைந்து போகும். காரணமே இல்லாமல் ஓரிடத்தில் தெரு அகன்றால், அங்கே ஒரு காலத்தில் சந்தை கூடியதா என்று விசாரியுங்கள். ரயில் நிலையம் ஊருக்கு ஒதுங்கி இருந்தால், பாதை போடும்போதே நடு ஊரில் இடம் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். நீராவி எஞ்சின் ஓடிய முதல் பொது ரயில் பாதை இங்கிலாந்தில் திறக்கப்பட்டது 1825-இல். ஆகவே நிலையத்துக்கென்றே போட்ட சாலை எந்த நாட்டிலும் அதைவிடப் பழையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை வைத்து அந்தச் சாலைக் கட்டடங்களின் வயதைச் சுமாராகக் கணிக்கலாம். இந்தக் கணக்குப் போட்டுக்கொண்டு நடப்பதில் இருக்கும் சுகம் தனி.

•

கால் வலித்தால் இதில் எதுவும் ரசிக்காது. புது ஷூ வேண்டவே வேண்டாம். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். ஈரத் தோலில் உராய்வு அதிகம், அதனால்தான் கொப்புளம். கம்பளி அல்லது செயற்கை இழை கலந்த சாக்ஸ் நல்லது. குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டுங்கள். 'இன்னும் ஒரு தெருதானே' என்று நடந்தால் கொப்புளம் வந்துவிடும். வந்துவிட்டால் உடைக்காமல் மூடி வையுங்கள்.

•

ஊர்க்காரங்ககிட்ட "இங்க பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேட்டா "ஒண்ணும் இல்லீங்களே"ன்னுதான் பதில் வரும். ஒரு கட்டடத்தைக் காட்டி "இது முன்னாடி என்னவா இருந்துச்சுங்க?"ன்னு கேளுங்க. வயசானவங்களா இருந்தா யார் கட்டினது, எப்போ மூடினாங்கன்னு வரிசையா வரும். அவசரப்படாம நின்னு கேளுங்க, அந்த நேரத்துக்குப் போனைப் பையில வைங்க. வீட்டு முகப்பைப் படம் எடுக்கணும்னா வாசல்ல ஆள் இருந்தா கேட்டுட்டு எடுங்க. குழந்தைங்களைப் பெத்தவங்க சம்மதம் இல்லாம எடுக்கவே கூடாது.