ஸ்டியரிங்கில் ஆட்டம்: நானே கழற்றலாமா, பட்டறையிலேயே விடலாமா?

மடிப்பாக்கம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பவர் ஸ்டியரிங் மின்மோட்டாரில் இயங்குவது. இரண்டு மாதங்களாக வேகத்தடையில் எவ்வளவு மெதுவாக ஏறி இறங்கினாலும் இடது முன்சக்கரப் பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கிறது. நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பிய பிறகுதான் வண்டி அசைந்து கொடுக்கிறது. பட்டறையில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், தெருவை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகர்ந்து முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ஸ்டியரிங் ராக்கையே முழுதாக மாற்ற வேண்டும், கூலியுடன் 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி டை ராட்; அதன் முனை மூட்டான டை ராட் எண்ட் மட்டும் தேய்ந்திருக்கும் என்பது என் ஊகம். பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை நானே மாற்றியிருக்கிறேன். ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டும் ஸ்பேனர் செட்டும் இருக்கின்றன. இருந்தும் அந்த வேலைகளின்போது வராத தயக்கம் இதில் வருகிறது. செய்யலாமா? ராக்தான் போயிற்று என்றால், புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் ஒன்று வாங்கிப் போடலாமா?

ஓசூர் டூல்பாக்ஸ்:

செய்யலாமா என்பதைப் பிறகு பார்ப்போம். எது தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஏனெனில் அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்), சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். அப்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் பக்கம் கோளாறு. 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்தாலும் ஆடினால் வீல் பேரிங்கையோ, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பந்து மூட்டான பால் ஜாயிண்டையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, வேறொருவர் சக்கரத்தை அசைத்துக்கொண்டிருக்க, நீங்கள் வெளிப்பக்க டை ராட் எண்டில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இல்லையென்றால், ராக்கின் முனையில் துருத்தி போலிருக்கும் ரப்பர் பூட்டை வெளியிலிருந்தே அழுத்திப் பிடியுங்கள். உள்ளே, டை ராடு ராக்குடன் சேரும் மூட்டான ராக் எண்டின் பந்து லூஸாகியிருந்தால் அது தட்டுவது உள்ளங்கையில் தெரியும். வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராட் தேய்ந்தாலும் வேகத்தடையில் இதே சத்தம்தான் வரும். ஆனால் அதனால் ஸ்டியரிங்கில் ஆட்டம் வராது.

மதுரை பட்டறைக்காரர்:

தம்பி, முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் ராக் போயிற்று என்று சொன்னவரிடம் வண்டியை விட வேண்டாம். வெளிப்பக்க எண்ட் மட்டும்தான் என்றால் நீங்கள் தாராளமாக மாற்றலாம். எண்டை நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டை இளக்கிய பிறகு, பழைய எண்டை எத்தனை சுற்றில் கழற்றினீர்களோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றுங்கள். பல வண்டிகளில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நகரும் என்பதால், எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் சக்கரம் கோணிக்கொண்டு டயரை ஒருபக்கமாகத் தின்றுவிடும். சரியாக எண்ணினாலும் வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது) கட்டாயம்.

எண்ட் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால், அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போடுங்கள்; மரையின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். நட் இளகாமலிருக்கத் துளையில் செருகும் ஸ்ப்ளிட் பின் உள்ள வகையாக இருந்து, நட்டை இறுக்கிய பிறகு துளை நேர் வரவில்லை என்றால், இன்னும் சற்று இறுக்கித்தான் துளையை நேர்ப்படுத்த வேண்டும், இளக்கி அல்ல. பின் பத்து ரூபாய்கூட இருக்காது, பழையதையே நிமிர்த்திப் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம். ராக்கின் அடியில் ஓர் அட்ஜஸ்டர் நட் இருக்கும். அதை இறுக்கினால் சத்தம் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. சத்தம் நிற்கலாம், ஆனால் அளவு மீறி இறுக்கிவிட்டால், வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. பழைய ராக்கும் வேண்டாம். மோதி நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றியதா என்பது அதைப் பார்த்துத் தெரியாது.

திருச்சி பழைய டிரைவர்:

ராக்கைக் கழற்றும் எண்ணம் இருந்தால் என் கதையையும் கேளுங்கள். ராக்கை இறக்கும் வேலையை நானே செய்தேன். ஸ்டியரிங் தண்டையும் ராக்கையும் இணைக்கும் போல்ட்டைக் கழற்றும் முன் ஸ்டியரிங் சக்கரத்தைக் கட்டிவைக்கவில்லை. பிடிப்பு இல்லாமல் தொங்கிய அந்தச் சக்கரத்தை, வண்டிக்குள் விளையாட ஏறிய என் மகன் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டான். அதன் அடியில் நாடா போலச் சுருண்டு, ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங் அறுந்தது. ஹாரன் அடிக்கவில்லை, விபத்தில் வெடித்து விரியும் பாதுகாப்புப் பையான ஏர்பேக்கின் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. கிளாக் ஸ்பிரிங்கை மாற்ற ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும் என்று அறிந்ததும், வண்டியை வேறொருவர் இழுத்துக்கொண்டு போகும்படி ஆயிற்று. மிச்சம் பிடித்த கூலியைவிட அதற்கு அதிகம் செலவானது.

மடிப்பாக்கம்வாசி:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். 9, 3 இடங்களில் ஆட்டம் இருந்தது. 12, 6 இடங்களில் இல்லை. வெளிப்பக்க எண்ட் இறுக்கமாகவே இருந்தது. இடது பூட்டின் மூன்றாவது மடிப்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல், அதன் ஓரத்தில் கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து பிசினாகப் படிந்திருந்தன. கையை வைத்ததும் உள்ளே தட்டுவது நன்றாகவே தெரிந்தது.

ராக் எண்டைக் கழற்றும் கருவி என்னிடம் இல்லை. பைப் ரெஞ்சைப் போட்டு ராக்கைக் கெடுத்துக்கொள்ளவும் விருப்பமில்லை. எனவே வேறொரு பட்டறைக்குச் சென்று, "ராக் எண்டும் பூட்டும் மட்டும்" என்று சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தேன். ராக்கில் துரு ஏறவில்லை என்பதை அங்கிருந்த மெக்கானிக்கே காட்டினார். அலைன்மெண்ட் உட்பட 3,400 ரூபாய். சத்தமும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஆனால் நேர்ச்சாலையில் ஸ்டியரிங் இப்போது சற்று வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டுவிடலாமா?

மதுரை பட்டறைக்காரர்:

கூடாது தம்பி, அதன் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. அலைன்மெண்ட் பார்த்தவர் ஸ்டியரிங்கை நேராகப் பூட்டாமல் அளந்திருக்கிறார். அவரிடமே போய், இரு பக்க டை ராடுகளையும் சம அளவில், ஒன்றை நீட்டியும் மற்றொன்றைக் குறைத்தும் வைக்கச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை, காசு கேட்கக் கூடாது.