பாரிஸ் 1528 இசை அச்சு: ஐந்து கோடும் ஏன் விட்டு விட்டு வருது?

காட்பாடிக்காரன்:
வேலூர்ல ட்ரெடில் (காலால மிதிச்சு ஓட்டுற அச்சு இயந்திரம்) இன்னும் ஓடுற பிரஸ் ஒண்ணுல, பசங்களுக்குக் காட்ட பழைய பிரெஞ்சு இசை அச்சு மாதிரி ஒரு பக்கம் எடுக்கணும். பாரிஸ் அச்சுக்காரர் பியேர் அத்தேன்யான் 1528ல போட்ட பாட்டுத் தொகுப்போட நகல்ல ஒவ்வொரு சுரக்குறிக்கும் பக்கத்துல, அது உட்கார்ற ஐந்து கோடும் அறுந்து அறுந்து நிக்குது. 1501ல வெனிஸ்ல பெத்ருச்சி போட்டதுல கோடு முழுசா இருக்கே?

ஈயப்பெட்டி:
பெத்ருச்சி ஒரே தாளை இரண்டு மூன்று தடவை அச்சில் ஏற்றினார். கோடு ஒரு தடவை, சுரம் வேறொரு தடவை. அத்தேன்யான் எழுத்தில் ஒவ்வொரு ஈயத்துண்டும் சுரத்தோடு அதன் பின்னால் ஓடும் ஐந்து கோட்டுத் துண்டையும் சுமந்திருக்கும். வரிசையாகக் கோத்து, பாட்டு வரியையும் கீழே வைத்து ஒரே இழுப்பில் முடித்துவிடலாம். வேலை பாதிக்கு மேல் மிச்சம். அதற்கு விலைதான் அந்த இடைவெளி: ஓரம் மழுங்க மழுங்க அகலும், சேஸ் (எழுத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம்) சரியாக இறுகாவிட்டால் துண்டுக்குத் துண்டு கோடு ஏறி இறங்கும்.

எழுத்துக் கேஸ் (ஈயத்துண்டுகளைப் பிரித்து வைக்கும் பெட்டி) பெரிசாகும் என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் கோட்டில் தண்டு மேலே நிற்கும் சுரத்தைத் தலைகீழாகக் கோத்தால், நான்காம் கோட்டில் தண்டு கீழே தொங்கும் சுரம் கிடைத்துவிடும்.

நகலில் 1527 ஏப்ரல் 4 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அப்போது பாரிஸில் ஆண்டு ஈஸ்டரில்தான் மாறும். நம் கணக்கில் 1528.

குடியாத்தம் ட்ரெடில்:
பஞ்ச் (எஃகு முளை) வெட்டி, அதால் மேட்ரிக்ஸ் (வார்ப்புக் குழி) அடித்து எழுத்து வார்ப்பது இப்போ நடக்கிற காரியமில்லை. அறுந்த கோடே வேணும்னா, நகலிலிருந்து முழுப் பக்கத்துக்கும் ஒரே ஜிங்க் பிளாக் (துத்தநாகத் தகட்டில் அரித்தெடுத்த அச்சு) போடுங்க. வெனிஸ் முறைக்கு, 2 பாயிண்ட் பித்தளை ரூல் (கோடு அச்சிடும் பட்டி) ஐந்து, இடையே 4 பாயிண்ட் லெட் (இடைவெளிக்கு வைக்கும் ஈயப்பட்டி). சுரத்துக்குத் தனி பிளாக்.

இரண்டாம் ஓட்டம்தான் உயிரை வாங்கும். 3 பாயிண்ட், அதாவது 1 மில்லி நகர்ந்தாலே கோட்டில் உட்கார வேண்டிய சுரம் இடுக்கில் விழும், ஸ போய் ரி ஆகிடும். தாளை நனைக்காதீங்க, காயும்போது சுருங்கும். இரண்டு ஓட்டத்துக்கும் அதே பின் (தாளை நிறுத்தும் ஊசி), அதே ஓரம்.

காட்பாடிக்காரன்:
பிளாக்கே போடறேன். லுல்லி (17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர்) காலத்துப் பக்கமும் ஒண்ணு சேர்க்கலாமா சார்?

ஈயப்பெட்டி:
சேர்க்கலாம், ஆனால் எது என்று பார்த்து எடுங்க. பாரிஸின் பல்லார் அச்சுக் குடும்பத்துக்கு 1550களிலிருந்து இசை அச்சிட அரசர் கொடுத்த உரிமை. போட்டி இல்லாததால் 1700க்குப் பிறகும் அதே டைமண்ட் சுரத்தை (சாய்சதுரத் தலை கொண்ட பழைய சுரக்குறி) விடவில்லை. அந்த எழுத்தில் வேகமான சுரங்கள் தனித்தனி வாலோடு நிற்கும். நாலு சுரத்தைச் சேர்த்து மேலே பட்டை இழுத்திருந்தால் அது பெரும்பாலும் செம்புத் தகட்டில் வெட்டியது. சுற்றிலும் தகடு அழுந்திய தடம் தெரியும். அதை ட்ரெடிலில் அப்படியே கொண்டுவர முடியாது.