மாண்ட்கோமரி பேருந்தில் பிரிவினையை ஒழித்தது யார்? தெருவா, நீதிமன்றமா?

இளம்பரிதி:
ரொம்ப நாளாக எனக்குள் இருக்கும் வாதம் இது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. அங்கே கறுப்பினத்தவர் பேருந்தின் பின்பக்கம்தான் உட்கார வேண்டும், வெள்ளையருக்கு இடம் இல்லையென்றால் எழுந்துகொள்ள வேண்டும்; இதுதான் பிரிவினை. அப்படி எழ மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானதும் தொடங்கிய புறக்கணிப்பு இது. பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். பேருந்து நிறுவனத்தின் வருமானம் படுத்துவிட்டது. அப்படியும் நகர நிர்வாகம் மசியவில்லை. கடைசியில் பிரிவினையை ஒழித்தது பிரௌடர் எதிர் கேய்ல் வழக்கில் 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் பெயர் கிடையாது. வெற்றி தேடித் தந்தது வேறு நான்கு பெண்கள். அவர்களில் ஒருவரான கிளாடெட் கோல்வின், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர். இவர்களை ஏன் பள்ளிக்கூடப் பாடத்தில் காணோம்? ஊர்வலத்தைக் கொண்டாடுகிறோம், வழக்கை மறந்துவிடுகிறோம். சமூகத்தை மாற்றுவது சட்டம்தான் என்பது என் கட்சி.

கயல்விழி:
கோல்வினைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, நண்பரே. மற்றதில் முழுக்க முரண்படுகிறேன்.

தீர்ப்பு போதும் என்றால் 1954லேயே கதை முடிந்திருக்க வேண்டும். பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று பிரௌன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வருடமே சொல்லிவிட்டது. பத்து வருடம் கழித்துத் தெற்கு மாநிலங்களில் வெள்ளைக் குழந்தைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகள் எத்தனை பேர்? நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டம் ஒருபடி மேலே போனது. கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959ல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கறுப்பினக் குழந்தைகள் பலர் ஐந்து வருடப் படிப்பை இழந்தார்கள். தீர்ப்பு கையில் இருந்தும் இந்த நிலை.

மாண்ட்கோமரிக்கே வருகிறேன். நவம்பர் 13 அன்று போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் எங்கே இருந்தார்? உள்ளூர் நீதிமன்றத்தில். பேருந்துக்குப் பதிலாக மக்கள் நடத்திவந்த கார் சேவைக்குத் தடை கேட்டு நகர நிர்வாகம் போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. உச்ச நீதிமன்றச் செய்தி அந்த அறைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அதே நாளில் உள்ளூர் நீதிபதி தடையும் போட்டார்! ஒரே நாள், இரண்டு நீதிமன்றம், எதிரெதிரான உத்தரவு. உச்ச நீதிமன்ற ஆணை ஊருக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 20. இடையில் ஐந்து வாரம் கார் சேவையும் கிடையாது, பேருந்திலும் ஏற மாட்டோம் என்று ஜனங்கள் நடந்தார்கள். ஜெயித்த பிறகும் நடந்தார்கள். அந்த நடைக்கு எந்தச் சட்டப்பிரிவில் இடம் கொடுப்பீர்கள்?

இளம்பரிதி:
நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகம். உச்ச நீதிமன்றம் இல்லாமல் அந்தத் தடை மட்டும் வந்திருந்தால் போராட்டத்தின் முதுகெலும்பு முறிந்திருக்கும்.

இன்னொன்று. தொடக்கத்தில் அவர்கள் கேட்டது என்ன? பிரிவினையை ஒழிக்கச் சொல்லி அல்ல. ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசையில் உட்காரலாம், கறுப்பினத்தவர் அதிகம் போகும் வழித்தடத்தில் கறுப்பின ஓட்டுநரை நியமிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரு கேட்டது சமரசம். பிரிவினைச் சட்டமே செல்லாது என்று கேட்டது, 1956 பிப்ரவரியில் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே தாக்கல் செய்த மனு.

சேரலாதன்:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். திணித்த மாற்றம் ரத்தம் கேட்கும். 1956 ஜனவரியில் கிங் வீட்டில் குண்டு. பேருந்தில் எல்லோரும் கலந்து உட்கார ஆரம்பித்ததும் பேருந்துகள் மேல் துப்பாக்கிச் சூடு. 1957 ஜனவரியில் தேவாலயங்களில் குண்டு. மனம் மாறாத இடத்தில் சட்டமும் புறக்கணிப்பும் வெறுப்பைத்தான் கிளறும். கல்வி, பழக்கம், தலைமுறை மாற்றம் என்று நிதானமாகப் போயிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது என்பது என் கருத்து.

நாச்சியார்:
சேரலாதன் அண்ணா, கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்பதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 1958ல் நூற்றுக்கு 4 பேர். அந்தத் திருமணங்களைத் தடைசெய்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1967ல் தூக்கியெறிந்தது. மறு வருடம் ஆதரவு 20 சதவீதம். 2021ல் 94 சதவீதம். தீர்ப்பு முன்னால் போனது, மனம் பின்னால் வந்தது. அலபாமாவில் வழக்கொழிந்துபோன அந்தத் தடையை மாநில அரசமைப்பிலிருந்து நீக்க 2000ல் வாக்கெடுப்பு நடந்தபோதுகூட, வாக்களித்தவர்களில் 40 சதவீதம் பேர் நீக்கக் கூடாது என்றார்கள். மனதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இரண்டு தலைமுறை கல்யாணம் செய்யாமல் கிழடாகியிருக்கும்.

குண்டு வைத்தவனை விட்டுவிட்டு, நடந்து போனவர்கள்மேல் ரத்தப்பழியைப் போடுகிறீர்கள். அது நியாயமா?

மருத்துவமனைகளையும் பாருங்கள். முதியோரின் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் மெடிகேர் திட்டம் 1966 ஜூலையில் தொடங்கியது. நோயாளிகளை நிறம் பார்த்துத் தனித்தனி வார்டில் போடும் மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்று அரசு கறாராகச் சொன்னது. சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் பிரிவினை ஒழிந்தது. அந்தச் சில மாதத்தில் யார் மனம் மாறியது? பணம் நின்றுவிடும் என்ற பயம்தான் வேலை செய்தது. அப்புறம் ஒரே வார்டில் படுத்துப் பழகினார்கள். நீங்கள் சொல்லும் பழக்கம் வந்தது அதற்குப் பிறகுதான்.

கயல்விழி:
நாச்சியார் சொன்னதோடு சேர்த்து ஒன்று. இளம்பரிதி, தெரு என்றால் கோஷம் போடும் கூட்டம் என்று நினைக்கிறீர்கள். மாண்ட்கோமரி தெருவில் நடந்தது நிர்வாகம். பார்க்ஸ் கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் தன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்தார். வேலை போய்விடும் என்று தெரிந்தே செய்தார். வாடகைக் கார்க்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியே ஆக வேண்டும் என்று நகரம் மிரட்டியது. உடனே தேவாலயங்களை மையமாக வைத்து சொந்தக் கார்களில் சேவை. அந்தக் கார்களுக்குக் காப்பீடு ரத்தானதும் லண்டனிலிருந்து காப்பீடு வாங்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர். பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் கோழி வறுவலும் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் கொடுத்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வெள்ளையர் வீட்டில் வேலை போய்விடும். அதனால் குழுவுக்கு வைத்த பெயரே ‘எங்கிருந்தோ வந்த சங்கம்’. கில்மோர் நீதிமன்றத்தில் கிங் தரப்புக்குச் சாட்சி சொல்லி வேலையை இழந்தார். பிறகு தன் வீட்டிலேயே சமைத்து விற்றார். வழக்கு முடியும் வரை ஒரு ஊரைத் தாங்கிப் பிடித்தது இந்தச் சமையலறைகள்.

மாசிலாமணி:
பேருந்தும் வார்டும் கண்ணுக்குத் தெரியும் பிரிவினை. வீடு? 1930களிலிருந்து கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர அமெரிக்க அரசே மறுத்தது. வீட்டு விஷயத்தில் நிறப் பாகுபாடு கூடாது என்று 1968ல் சட்டம் வந்தது. 2022 கணக்கில் வெள்ளைக் குடும்பத்தின் நடுமதிப்புச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900. பலகை எதுவும் மாட்டாமலே நடக்கும் பிரிவினை இது. இதற்கு எந்தப் பேருந்தைப் புறக்கணிப்பது?

இளம்பரிதி:
வீட்டு விஷயம் கனமானது, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் அமலானால் என்ன நடக்கும் என்பதற்கு 1965 வாக்குரிமைச் சட்டம் போதும். மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்த கறுப்பினத்தவர் அதற்கு முன் 6.7 சதவீதம். 1967ல் 59.8. இரண்டே வருடம்!

கயல்விழி:
அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது யார்? 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய், அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் போலீசிடம் அடிவாங்கியவர்கள். எட்டு நாளில் அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்தில் நின்று சட்டம் கேட்டார். மண்டை உடைந்தவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். வாக்களிப்பு விதிகளை மாற்றச் சில மாநிலங்கள் மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதியை 2013ல் உச்ச நீதிமன்றமே செயலிழக்கச் செய்தது. அன்றைக்கே டெக்சாஸ், அதுவரை நிறுத்தி வைத்திருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப்போவதாக அறிவித்தது. லூயிஸுக்கு அப்போது 73 வயது, நாடாளுமன்ற உறுப்பினர். பழைய சட்டத்துக்கு உயிர் கொடுக்க மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 2020ல் சாகும்வரை அது நிறைவேறவில்லை. சட்டம் கொடுத்ததை நீதிமன்றமே எடுத்துக்கொண்டால் அடுத்து எங்கே போவீர்கள், இளம்பரிதி?