மூன்று பிள்ளைகள், மூன்று வேகம்: பனிச்சறுக்கு விடுமுறைக்கு யோசனை வேண்டும்

வரும் பிப்ரவரியில் 6 நாள் குடும்பமாகப் பனிச்சறுக்குக்குப் போகிறோம். எப்படித் திட்டம் போட்டாலும் யாராவது ஒருவர் தனியாகிவிடுகிறார்.

பெரியவளுக்கு 15 வயது. நடுத்தரக் கடினமான சிவப்புத் தடத்தில் சரளமாக இறங்குகிறாள், இப்போது மிகக் கடினமான கருப்புத் தடம் கேட்கிறாள். நடுவில் உள்ளவனுக்கு 11. எளிதான நீலத் தடத்தில் பரவாயில்லை. கொஞ்சம் செங்குத்தானாலும் பலகைகளின் முன்முனைகளைக் குவித்து பிரேக் போட்டுக்கொண்டே வருவான். சின்னவளுக்கு 6, இரண்டு மணி நேரம்தான் தாங்குவாள். போன வருடம் சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் அடியிலேயே உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூட்ஸ் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். அப்புறம் அன்று முழுக்க ஏறவே இல்லை.

மூவரையும் பயிற்சி வகுப்பில் சேர்த்துப் பார்த்தோம். பெரியவள் மூன்றாம் நாளே வேண்டாம் என்றாள். நானும் கணவரும் காலை, மதியம் என்று மாறி மாறிச் சின்னவளைப் பார்த்துக்கொண்டோம். ஐந்து பேரும் சேர்ந்து சறுக்கியது ஒரே ஒரு மதியம். அதிலும் பெரியவள் ஒவ்வொரு முறையும் கீழே குளிரில் காத்து நின்றாள். இன்னும் மூன்று வருடத்தில் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள், அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

இதே வயது இடைவெளியில் பிள்ளைகளை அழைத்துப் போனவர்களே, தினமும் கொஞ்ச நேரமாவது எல்லோரும் சேர்ந்து சறுக்கும்படி ஒரு நாளை எப்படிப் பிரித்தீர்கள்?