ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை மாற்ற வேண்டும், செய்து பார்த்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, என் பழைய ஜீப்பில் இருப்பது கேபிள் இழுத்துப் பின்சக்கர டிரம்மில் பிடிக்கும் வழக்கமான ஹேண்ட் பிரேக். சேற்றிலும் தண்ணீரிலும் ஒருமுறை இறங்கி ஏறினால் போதும், டிரம்முக்குள் சேறு புகுந்து பிடிமானம் போய்விடுகிறது. போன வாரம் ஒரு சரிவில் லிவரை முழுக்க இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. டயருக்கடியில் கல்லை வைத்த பிறகுதான் மூச்சே வந்தது. லைனிங் புதிது, கேபிளையும் இறுக்கியாயிற்று.

டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்பக்கம், புரொப்பல்லர் ஷாஃப்டை (அங்கிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழல்தண்டு) பிடிக்கும்படி டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் அங்கேதான் டிரம் இருக்கும். உயரத்தில் இருப்பதால் சேறு குறைவு, ஆக்சிலின் கியர் விகிதம் பிடியையும் பெருக்கித் தரும். ஆனால் என் ஆக்சிலில் லாக்கர், அதாவது இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் பூட்டு, கிடையாது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அது எதிர்ப்பக்கம் சுழன்று வண்டி உருண்டுவிடுமே! ஃபோர் வீலில் போட்டு நிறுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும், அது போதுமா?

பிரேக் ஆயிலின் பிரஷரைக் குழாய்க்குள்ளேயே அடைத்து வைக்கும் ஹைட்ராலிக் லைன் லாக் வேண்டாம், நேரம் ஆக ஆக பிரஷர் இறங்கிவிடலாம்.

கேபிளில் இயங்கும் காலிப்பர் எதைப் போட்டீர்கள்? பிராக்கெட்டை எங்கே போல்ட் செய்தீர்கள்? படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.