ஆடுகளம் படம் பாத்துட்டு சொந்த வீட்டு ஞாபகம் வந்தவங்க இருந்தா சொல்லுங்க

2011 பொங்கலுக்கு ரிலீஸ், நான் அப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம், எங்க தாய்மாமாவ கூட்டிட்டு செகண்ட் ஷோ போனேன். மாமா முப்பது வருஷமா சண்டைச் சேவ வளத்தவரு. கம்பு கேழ்வரகு அளந்து போடுவாரு, கிணத்துல நீச்சல் விடுவாரு, சண்டையில கிழிஞ்சு வந்தா ஊசி நூல வச்சு அவரே தையல் போட்டு மஞ்சள அப்பி விடுவாரு, அந்த நேரம் சேவல என் மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கணும், அதோட நெஞ்சு படபடன்னு அடிக்கிறது உள்ளங்கையில தெரியும்.

படத்துல சண்டை வந்தப்ப மாமா முகஞ்சுளிச்சாரு, கிராபிக்ஸ்னு அப்பட்டமா தெரியுதுல்ல, "சேவ இப்டி எந்திரிக்காதுடா"ன்னாரு. அப்புறம் அந்த எடம். அறுத்துப் போட்டுருன்னு சேவச்சண்டை குரு பேட்டைக்காரர் சொன்ன சேவல அவரு சிஷ்யன் கருப்பு (தனுஷ்) அறுக்காம வச்சிருந்து அத விட்டே ஜெயிப்பான்ல, ஊரே அவனக் கொண்டாடுது, பேட்டைக்காரர் மூஞ்சி மட்டும் செத்துப்போகுது. அதுக்கப்புறம் மாமா ஒரு வார்த்த பேசல.

காரணம் எனக்குத் தெரியும். சின்ன வயசுலேருந்து மாமாகிட்ட எடுபிடியா இருந்து எல்லாம் கத்துக்கிட்ட ஒரு அண்ணன், "இது தேறாது"ன்னு மாமா கழிச்சு விட்ட சேவல வாங்கிட்டுப் போயி ரெண்டு சண்டை ஜெயிச்சாரு. அன்னையிலேருந்து மாமா அவர்ட பேசல, கல்யாணத்துக்கும் போகல. வெற்றிமாறன் எங்க மாமாவ எங்க பாத்தாருன்னுதான் எனக்குத் தோணுச்சு.

உங்க மாமா கதையப் படிச்சேன், நான் அரவக்குறிச்சி பக்கம்ங்க. எங்கூர்ல கத்திக்கட்டு, படத்துல வர்றாப்புல வெறுங்கால் இல்ல. கால்ல கட்டுற கத்தி சின்னதுதான், ஆனா பிளேடு தோத்துரும். பொங்கலுக்கு பூலாம்வலசுல சேவக்கட்டு நடக்கும், கோர்ட்டுல அனுமதி கெடைக்காத வருஷம் அங்கங்க முள்ளுக்காட்டுக்குள்ள மறைவா விடுவாங்க. அப்படி ஒரு கட்டுல போலீசுன்னு யாரோ கத்த, எங்கப்பா அவசரத்துல சேவல அள்ளித் தூக்க, கத்தி முழங்கைக்குக் கீழ எறங்கிருச்சு. ஆஸ்பத்திரி போனா கேஸாயிரும்னு துண்டக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு, ரெண்டு விரலு இன்னைக்கும் மடங்காது. தோத்த சேவல கோச்சைன்னு ஜெயிச்சவங்க எடுத்துக்குவாங்க, அந்தக் கறிக்கு அவ்ளோ கிராக்கி. அப்பா அதுக்கப்புறம் கோச்சைக் கறியத் தொடவே இல்ல. நம்ம கௌரவத்துக்கு ஒரு வாயில்லா ஜீவன் கால்ல கத்தியக் கட்டுறது எனக்கு இப்பவும் பொறுக்க மாட்டேங்குதுங்க.

நான் யாழ்ப்பாணம். பேட்டைக்காரனா நடிச்சவர் எங்கட கவிஞர் ஜெயபாலன் எல்லோ. அவற்ற கவிதையள அப்பா வீட்டில சத்தமா வாசிப்பார், படத்தில அவரக் கண்டதும் கதிரையால எழும்பிட்டார். குரல் மட்டும் ராதாரவி குடுத்தது, அதில அப்பாக்குப் பெரிய கவலை. ஆனா அந்த முகத்துக்கு மொழியே தேவையில்ல, தேசிய விருதில சிறப்புக் குறிப்பும் கிடைச்சது தானே. பேட்டைக்காரன் தன்ர கழுத்த அறுத்துக்கொண்டு விழுற அந்தச் சீன அப்பா ரெண்டாந்தரம் பாக்கவே இல்ல. முதல் எழுதின தம்பி, உங்கட மாமா பிறகு அந்த ஆளோட கதைச்சவரோ?

இல்லக்கா, நேர்ல பேசல. படம் முடிஞ்சு ஸ்டாண்டுல வண்டி எடுக்கறப்ப மட்டும், "அவன் பையன் பேரு என்னடா"ன்னாரு. சொன்னேன். ரெண்டு வருஷங்கழிச்சு மாமா தவறுனப்ப அந்த அண்ணன் ராத்திரியோட ராத்திரியா வந்தாரு, யாரும் கூப்பிடல. விடியற வரைக்கும் கொல்லையில சேவக் கூண்டுங்க பக்கத்துல உக்காந்திருந்துட்டு, காலையில முன்பக்கம் அவருதான் தோள் குடுத்தாரு.