நெல்லுக்குள் வந்துவிட்டதை இலைக்கருகல் பாக்டீரியா எப்படி அறிகிறது?

தோவாளை மாணவி:
வணக்கம். நான் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். வீட்டில் நெல் விவசாயம். சென்ற கும்பப்பூ நெல் பருவத்தில் எங்கள் வயலில் இலை நுனியிலிருந்து ஓரமாகக் கீழிறங்கிய மஞ்சள் பட்டை, சில நாள்களில் வைக்கோல் நிறமாகிக் காய்ந்தது. பாக்டீரியா இலைக்கருகல் என்று உறுதியாயிற்று. அந்த நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே பாக்டீரியா, சத்து நிறைந்த ஆய்வக ஊடகத்தில் மஞ்சள் திட்டுகளாகச் செழித்து வளர்ந்தாலும், அங்கே அதன் தாக்குதல் மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கியே இருக்கும் என்று படித்தேன். மரபணுக்கள் மாறாதிருக்க, தான் நெல்லுக்குள் இருப்பதை அது எவ்வாறு உணர்கிறது?

நாகர்கோவில் ஆசிரியர் (ஓய்வு):
நல்ல கேள்வி, மகளே. இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியே நுழையும் பாக்டீரியா, செடிக்குள் நீரைக் கடத்தும் நீர்க்குழாயில் சத்துக் குறைந்த சாற்றைச் சந்திக்கிறது. அந்தச் சூழலில் எச்.ஆர்.பி.ஜி. என்னும் ஒழுங்குபடுத்தும் புரதம் விழித்து எச்.ஆர்.பி.எக்ஸை இயக்க, அது மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு எனப்படும் ஊசி போன்ற கருவிக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஊசியைக் கட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்பதால், சத்து மிகுந்த ஆய்வகத் தட்டில் அது அடங்கியிருப்பதே பாக்டீரியாவுக்கு லாபம்.

அடுத்த கட்டம்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஊசி வழியே செல்லும் டேல் வகைப் புரதங்கள் நெல்லின் உட்கருவுக்குள் புகுந்து, நெல்லின் சொந்த மரபணுக்களையே இயக்குகின்றன. பாக்டீரியாவுக்கு உணவாகக்கூடிய சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே கடத்தும் சுவீட் மரபணுக்கள் அவற்றின் முக்கிய இலக்கு. இப்புரதங்கள் டி.என்.ஏ. எழுத்துகளை எந்த விதிப்படி இனங்காண்கின்றன என்பதை 2009இல் இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. எக்ஸ்.ஏ.13 என்னும் நோய் எதிர்ப்பு மரபணு கொண்ட நெல்லில் சுவீட் 11 மரபணுவின் முன்பகுதி மாறியிருப்பதால், அதைத் தேடிவரும் புரதம் ஒட்ட இடமின்றிப் போகிறது. ஆயினும் சுவீட் 14ஐ இயக்கும் புரதம் உடைய பாக்டீரியா இந்தத் தடையைத் தாண்டிவிடுகிறது. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி நெல் ரகத்தில் எக்ஸ்.ஏ.5, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.21 என்னும் மூன்று எதிர்ப்பு மரபணுக்களும் சேர்க்கப்பட்டிருப்பதன் பயனை இங்கே உணரலாம்.

கல்குளம் விவசாயி:
ஐயா சொல்வதற்கு ஒத்த ஒன்றை எங்கள் கத்தரித் தோட்டத்தில் கண்டேன். பச்சை மாறாமலே வாடிய செடியின் தண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளர் நீரில் வெட்டுமுனை மூழ்கப் பிடித்தபோது, பால் போன்ற வெண்ணிழை மெல்ல இறங்கியது. அது ரால்ஸ்டோனியா என்னும் வாடல் நோய் பாக்டீரியா. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அது நீந்தியும் இரும்பைத் திரட்டியும் வாழ்கிறது. பெருகியதும், தானே வெளியிடும் கொழுப்பமில வகை வேதிக் குறிப்பு செறிவடைந்து பி.எச்.சி.ஏ. புரதத்தைச் செயல்படுத்த, பசை உற்பத்தி தொடங்குகிறது. அந்தப் பசைதான் நீர்க்குழாயை அடைத்துச் செடியை வாட்டுகிறது. நானும் முதலில் வறட்சி என்று எண்ணித் தண்ணீர் பாய்ச்சினேன். வழிந்த நீர் அடுத்த பாத்திக்கும் நோயைக் கொண்டு போயிற்று.

தோவாளை மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. நீளமான நாற்றை நுனி கிள்ளி நடுவது எங்கள் வீட்டு வழக்கம். பாக்டீரியா நீர்த்துளையைத் தேட வேண்டிய வேலையையே நாங்கள் மிச்சப்படுத்திவிடுகிறோமோ?

நாகர்கோவில் ஆசிரியர் (ஓய்வு):
ஆம், மகளே. கிள்ளிய வாயிலில் நீர்க்குழாய்கள் திறந்தே கிடக்கும். ஒரே கை அடுத்தடுத்த நாற்றைத் தொடும். வரும் நடவில் கிள்ளாமல் நடச் சொல்லுங்கள். நோய் கண்ட வயலின் நீரைப் பக்கத்து வயலுக்கு வடியவிட வேண்டாம், யூரியாவையும் அளவோடு பிரித்து இடுங்கள்.